பதக்கம் உண்டு, நாற்காலி கிடையாது

1931-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி ஆனி ஜம்ப் கேனன் என்ற வானியலாளருக்கு ஹென்றி டிரேப்பர் பதக்கம் கொடுத்தது. அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் பெண் அவர்தான். விண்மீன்களை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வகை பிரிக்கும் வரிசையை இன்றைக்கும் வானியல் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள் இல்லையா, அதை ஒழுங்குபடுத்தித் தந்தவர். வாழ்நாளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலையைப் பார்த்து வகைப்படுத்தியவர். அவற்றில் 2,25,300 விண்மீன்கள் அடங்கிய பெரிய பட்டியலுக்குப் பெயர் ஹென்றி டிரேப்பர் பட்டியல். அதாவது, யார் பெயரில் பதக்கம் கொடுத்தார்களோ, அவர் பெயரை வானம் முழுக்க எழுதி வைத்ததே இந்த அம்மாதான்.

1941-ல் கேனன் இறந்தார். அதுவரை அகாடமி அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை.

இன்னொரு கதை. 1992-ல் கார்ல் சேகன் பெயர் அகாடமியின் தேர்வுப் பட்டியலில் இருந்தது. வெள்ளிக் கோளின் கடும் வெப்பத்துக்கு அதன் வளிமண்டலம் எப்படிக் காரணம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர், கோள் அறிவியல் என்ற துறை காலூன்றியதில் பெரிய பங்கு உள்ளவர். 'காஸ்மாஸ்' தொலைக்காட்சித் தொடரால் உலகம் முழுக்கத் தெரிந்த முகம். ஆண்டுக் கூட்டத்தில் அவர் பெயருக்கு ஆட்சேபணை எழுந்தது. ஆராய்ச்சி போதாது, டிவியில் பேசுகிறவர்தானே என்கிற தொனியில் விவாதம் நடந்தது. ஓட்டெடுப்பில் தேவையான ஆதரவு கிடைக்கவில்லை, சேகன் வெளியே நின்றார். இரண்டே வருஷம் கழித்து, 1994-ல், அதே அகாடமி தன் மிக உயர்ந்த விருதான பொதுநலப் பதக்கத்தை அதே சேகனுக்குக் கொடுத்தது! 1996-ல் அவர் இறந்தபோதும் உறுப்பினர் இல்லை.

இரண்டு கதைக்கும் நடுவில் அறுபது வருஷ இடைவெளி. ஆனால் நடந்தது ஒன்றேதான்: பதக்கம் உண்டு, நாற்காலி கிடையாது. தற்செயலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அகாடமி உறுப்பினர் பதவியை நாம் ஒரு விருது என்று நினைத்துக்கொள்கிறோம். செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது. உண்மையில் அது ஒரு ஓட்டு. உள்ளே வந்தவர் அடுத்து யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவு செய்வார். பதக்கம் கொடுப்பதால் அகாடமிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஓட்டு கொடுத்தால் அதிகாரத்தில் பங்கு கொடுத்ததாகிவிடும். அதனால்தான் முதலாவதில் தாராளம், இரண்டாவதில் கஞ்சத்தனம்.

பிறந்த விதமே அப்படி

இந்த அகாடமி 1863 மார்ச் 3 அன்று பிறந்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். செனட்டர் ஹென்றி வில்சன் கொண்டுவந்த மசோதா, கூட்டத்தொடரின் கடைசி நாளில் பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் நிறைவேறியது. ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டார். அரசுத் துறை எது கேட்டாலும் அகாடமி ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும், அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கக்கூடாது என்பதுதான் சட்டத்தின் சாரம்.

மசோதாவிலேயே 50 பேருடைய பெயர் இருந்தது. யார் எழுதிய பெயர்கள்? அலெக்சாண்டர் டல்லஸ் பேச், லூயி அகாசி, பெஞ்சமின் பியர்ஸ், பெஞ்சமின் கௌல்ட் என்று ஒரு நண்பர் கூட்டம். தங்களுக்குத் தாங்களே 'லட்சரோனி' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துத் தெருப் பிச்சைக்காரர்களைக் குறித்த சொல் அது. பிச்சைக்காரர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு நாட்டின் அறிவியல் கஜானா சாவியை எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

ஹார்வர்ட் வான் ஆய்வகத்தின் இயக்குநர் ஜார்ஜ் பாண்ட் அந்த 50 பேரில் இல்லை. நாட்டின் முக்கியமான தொலைநோக்கி ஒன்றுக்குப் பொறுப்பாளர். ஆனால் பியர்ஸுக்கும் கௌல்டுக்கும் அவரைப் பிடிக்காது. விலங்கியலாளர் ஸ்பென்சர் பேர்டும் இல்லை. மறுவருஷம், 1864-ல், பேர்டைச் சேர்க்கும்போதும் அகாசி எதிர்த்தார். அதையும் மீறித்தான் அவர் உள்ளே வந்தார். அகாடமியின் இரண்டாவது தலைவரான ஜோசப் ஹென்றி, சொந்தமாகச் செய்த ஆராய்ச்சிதான் உறுப்பினர் ஆவதற்கான அளவுகோல் என்று அழுத்தினார். 50 பேர் என்ற உச்சவரம்பையும் 1870-ல் எடுத்துவிட்டார்கள். அளவுகோல் மாறியது சரி, அளக்கிறவர்கள் யார் என்பது மட்டும் மாறவில்லை. உள்ளே இருப்பவர்தான் வெளியே இருப்பவரை அளக்கவேண்டும்.

அதன் பலன் வருஷக் கணக்கில் தெரிகிறது. முதல் பெண் உறுப்பினர் ஃபுளோரன்ஸ் சேபின் 1925-ல் வந்தார், 62 வருஷம் கழித்து. இரண்டாவது பெண் மார்கரெட் வாஷ்பர்ன், 1931-ல். கேனனுக்குப் பதக்கம் கொடுத்த அதே வருஷம். ஆக, பெண்களுக்கு அப்போது கதவு பூட்டியிருந்தது என்றும் சாக்குச் சொல்ல முடியாது. மூன்றாவது பெண் பார்பரா மெக்லின்டாக், 1944-ல். முதல் கறுப்பின உறுப்பினரான கணிதப் புள்ளியியலாளர் டேவிட் பிளாக்வெல் வந்தது 1965-ல், 102 வருஷம் கழித்து. முதல் பெண் தலைவர் மார்சியா மெக்நட், 2016-ல்.

ஓட்டு எப்படி நடக்கிறது

புதியவர் பெயரை முன்மொழிய உறுப்பினர்களால் மட்டுமே முடியும். விண்ணப்பம் போடமுடியாது. யார் பெயர் பரிசீலனையில் இருக்கிறது என்பது ரகசியம். துறைவாரியாகப் பிரிவுகள் இருக்கின்றன, அங்கே முதல் சுற்று ஓட்டு. பிறகு பல பிரிவுகள் சேர்ந்த தொகுதி அளவில் வடிகட்டல். கடைசியாக ஏப்ரல் மாத ஆண்டுக் கூட்டத்தில் மொத்தப் பட்டியலுக்கும் ஒப்புதல். பெரும்பாலும் அது சடங்குதான். யாராவது எழுந்து ஒரு பெயரை எதிர்த்தால்தான் சூடு பிடிக்கும்.

இதே ஆட்சேபணை உரிமை நல்லதுக்கும் பயன்பட்டிருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். 1986-ல் அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் பெயர் வந்தது. கணிதவியலாளர் செர்ஜ் லேங் அதை எதிர்த்துக் கிளம்பினார். ஹண்டிங்டன் 1968-ல் எழுதிய புத்தகத்தில், சமூகம் எவ்வளவு விழித்தெழுகிறது என்பதைப் பொருளாதார வளர்ச்சியால் வகுத்தால் சமூக விரக்தி கிடைக்கும் என்கிற மாதிரி சமன்பாடுகள் இருந்தன. விரக்தியை எந்த அலகில் அளப்பீர்கள், வகுத்தல் குறிக்கு இங்கே என்ன பொருள் என்பது லேங்கின் கேள்வி. அறிவியல் வேஷம் போட்ட கருத்துக்கு அறிவியல் முத்திரை குத்தாதீர்கள் என்றார். கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதி, நகலெடுத்து, எல்லோருக்கும் அனுப்பினார். 1986-லும் 1987-லும் ஹண்டிங்டன் தோற்றார்.

லேங் சொன்னது சரியா, ஹண்டிங்டன் பக்கம் நின்ற ஹெர்பர்ட் சைமன் சொன்னது சரியா என்பது தனி வாதம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சேகன் விஷயத்தில் மூடிய அறைக்குள் பேச்சு, ஓட்டு, முடிவு. அவருக்கு ஏன் இடமில்லை என்று அகாடமி காரணம் எதையும் எழுதி வெளியிடவில்லை. பத்திரிகையில் கசிந்ததை வைத்துத்தான் நமக்கே தெரியும். ஹண்டிங்டன் விஷயத்தில் காரணம் எழுத்தில் இருந்தது, பதிலும் எழுத்தில் வந்தது. யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வரலாம். இரண்டாவதில் ஒரு மனிதர் மேல் வழக்காவது நடந்தது. முதலாவதில் தீர்ப்பு மட்டும்தான்.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இந்த விளையாட்டே வேண்டாம் என்றார். 1954-ல் உறுப்பினரானவர், 1960 வாக்கில் ராஜினாமா செய்யத் தொடங்கினார். 'தொடங்கினார்' என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, அதை அவர்களை ஏற்றுக்கொள்ள வைக்க அவருக்குக் கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆனது. அவருடைய புகார் எளிமையானது. இந்தச் சங்கத்தின் முக்கிய வேலையே சங்கத்தில் அடுத்து யாரைச் சேர்க்கலாம் என்று பேசுவதுதான், பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த மாணவர் கௌரவச் சங்கமும் இதையேதான் செய்தது என்றார்.

சங்கம் மட்டும் என்றால் விட்டுவிடலாம்

ஃபைன்மன் பார்வையில் ஒரு குறை உண்டு. அகாடமி வெறும் கௌரவச் சங்கம் என்றால் நமக்கென்ன, எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அது அரசின் ஆலோசகரும்கூட. 1979-ல் ஜூல் சார்னி தலைமையிலான குழு, காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி சுமார் 3 டிகிரி செல்சியஸ் சூடாகும், ஒன்றரை டிகிரி முன்னே பின்னே இருக்கலாம் என்று கணித்ததே, அது அகாடமிக்காகச் செய்தது. 2009-ல் வந்த தடயவியல் அறிக்கை, டிஎன்ஏ சோதனையைத் தவிர, நீதிமன்றங்கள் நம்பிக்கொண்டிருந்த பல முறைகளுக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று போட்டு உடைத்தது. ஜெயிலில் இருக்கும் மனிதர்களுடைய விதியைத் தொடும் விஷயம் இது. இந்த அறிக்கைகளுக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது? அட்டையில் இருக்கும் பெயரிலிருந்து. அந்தப் பெயருக்கு மரியாதை? உள்ளே இருப்பவர்கள் நாட்டிலேயே சிறந்தவர்கள் என்ற நம்பிக்கையிலிருந்து. ஆகவே யார் உள்ளே, எப்படி உள்ளே என்பது பொதுக் கேள்விதான்.

இதில் சுவாரசியமான விஷயம், ஆலோசனைக் குழுக்கள் விஷயத்தில் அகாடமி திறந்தே இருக்கிறது. குழுவில் யார் யார் என்று முன்கூட்டியே வெளியிடவேண்டும், பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தரவேண்டும், சொந்த நலன் குறுக்கிடுகிறதா என்று பார்க்கவேண்டும். குழுவில் இருப்பவர்களில் பலர் அகாடமி உறுப்பினர்களே அல்ல. நல்ல ஏற்பாடு. ஆனால் தானாக வந்த ஞானம் இல்லை. ஆய்வக விலங்குகளைப் பராமரிப்பது பற்றிய அகாடமியின் கையேட்டை ஒட்டி, விலங்குநல அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. அரசு ஆலோசனைக் குழுக்களுக்கான வெளிப்படைத்தன்மைச் சட்டம் அகாடமி குழுக்களுக்கும் பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று அகாடமி காங்கிரஸிடம் போக, அதற்கு ஈடாகச் சில நிபந்தனைகள் 1997-ல் சட்டத்தில் சேர்ந்தன. மேலே சொன்ன வெளிப்படைத்தன்மை அங்கிருந்து வந்தது. வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டியதால் திறந்தது.

வெளியே போகும் வழி

தானாக வெளியேற வழி எப்போதும் இருந்தது. அகாடமியின் பெயரில் ரகசிய ராணுவ ஆராய்ச்சி நடக்கிறது என்று எதிர்ப்புத் தெரிவித்து மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1971-ல் ராஜினாமா செய்தார். நெப்போலியன் ஷக்னானைச் சேர்த்ததற்கும், ராணுவம் சார்ந்த ஆய்வுகளுக்கும் எதிர்ப்பாக மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ் 2013-ல் வெளியேறினார். மனசாட்சி உறுத்தியவர்கள் போய்விட்டார்கள். உறுத்தாதவர்களை அனுப்பத்தான் வழியில்லை. உறுப்பினர் பதவி ஆயுளுக்கும்.

2018-ல் தேசிய அகாடமிகள் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன: அறிவியல், பொறியியல், மருத்துவத் துறைகளில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் பற்றி. நாட்டுக்கே புத்தி சொன்ன அறிக்கை. உடனே எல்லோரும் கேட்ட கேள்வி, உங்கள் உறுப்பினர் பட்டியலிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களே, என்ன செய்யப்போகிறீர்கள்? 2019-ல் உறுப்பினர்கள் பெரும்பான்மை ஓட்டில் விதியை மாற்றினார்கள். நிரூபணமான அறிவியல் மோசடி, பாலியல் துன்புறுத்தல் போன்ற கடுமையான நடத்தை மீறலுக்கு உறுப்பினரை நீக்கலாம். 156 வருஷத்தில் முதல்முறை.

பிறகு நடந்ததுதான் கவனிக்கவேண்டியது. ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒருவரும் நீக்கப்படவில்லை. ஏன் என்று 2020-ல் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, புகாரே வரவில்லை என்று பதில் வந்தது. அதாவது, பெயர்கள் ஊருக்கே தெரியும், பல்கலைக்கழக விசாரணை முடிவுகள் செய்தித்தாளில் வந்தாயிற்று, ஆனால் அகாடமி மேசை மேல் காகிதம் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஒருவர், அகாடமிக்குச் சம்பந்தமே இல்லாதவர், உட்கார்ந்து நான்கு பேர் மீது புகார் அனுப்பினார். அதன்பின்தான் சக்கரம் சுழன்றது. 2021 மே மாதம் வானியலாளர் ஜெஃப் மார்சி நீக்கப்பட்டார். ஜூனில் பரிணாம உயிரியலாளர் ஃபிரான்சிஸ்கோ அயாலா. மார்சி, பல்கலைக்கழக விதியை மீறினார் என்ற விசாரணை முடிவு வெளியே தெரிந்தபின் 2015-லேயே பெர்க்லியை விட்டுப் போயிருந்தார். அயாலா 2018-ல் இர்வைனை விட்டு விலகினார், குற்றச்சாட்டுகளை மறுத்தார். அகாடமிக்கு இவை புதுச் செய்தியே இல்லை.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்த சபையில் ஒருவர்கூட ஒரு கடிதம் எழுதவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? சகாக்களைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்ற கூச்சம் என்று கருணையோடு சொல்லலாம். ஆனால் இதில் பணயம் வைக்கப்படுவது யாருடைய வாழ்க்கை என்று பாருங்கள். ஒரு ஆராய்ச்சி மாணவிக்கு அகாடமி உறுப்பினர் என்றால் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர், நிதி விண்ணப்பத்தைப் பார்க்கிறவர், வேலைக்கான தேர்வில் ஒரு வார்த்தை சொன்னால் எடுபடுகிறவர். அவர் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டம் ஒவ்வொரு வருஷம் நீடிக்கும்போதும், புகார் செய்து பயனில்லை என்ற பாடம் அந்த மாணவிக்குப் போய்ச் சேர்கிறது. கௌரவத்துக்கு இப்படி ஒரு மறுபக்கம் உண்டு, அந்த விலையைக் கொடுப்பவர்களுக்கு ஓட்டுக் கிடையாது.

நியாயமாகச் சொன்னால், கதவு திறந்தபிறகு அகாடமி ஆள் பார்த்து நடந்ததாகத் தெரியவில்லை. 2022-ல் ஜேன் லப்செங்கோ விஷயம் உதாரணம். மூத்த கடல் உயிரியலாளர், அப்போது வெள்ளை மாளிகையில் பொறுப்பில் இருந்தவர். தன் மைத்துனர் பெயர் இருந்த கட்டுரைக்கு அகாடமியின் இதழில் தானே பதிப்பாசிரியராக இருந்தார் என்பதற்காக ஐந்து வருஷம் அகாடமி நடவடிக்கைகளில் பங்கெடுக்கத் தடை விதித்தார்கள். பெரிய இடம் என்று பார்க்கவில்லை. விதி இருந்து, கேள்வியும் வந்தால் இந்தச் சபையால் சரியாக நடந்துகொள்ள முடிகிறது. கேள்வி வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது என்பதுதான் கோளாறு.

ரகசியம் வேண்டும் என்பவர்களுக்கு

இதற்கு வரக்கூடிய எதிர்வாதம் எனக்குத் தெரிகிறது. ஒரு துறையின் ஆழத்தை அந்தத் துறைக்காரர்தான் அளக்கமுடியும். பொதுமக்கள் ஓட்டுக்கு விட்டால் பிரபலமானவர்தான் ஜெயிப்பார். ரகசியம் இல்லாவிட்டால் தோற்றவர் மனம் புண்படும், ஓட்டுப் போடுகிறவர் உண்மையைச் சொல்லத் தயங்குவார்.

முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஃபெர்மியானிக் புலத்தைப் பற்றி எனக்கு ஓட்டு வேண்டாம். ஆனால் அளக்கிறவர் சகாவாக இருக்கவேண்டும் என்பதிலிருந்து, முன்மொழிகிறவரும் உறுப்பினராகவே இருக்கவேண்டும் என்பது எப்படி வருகிறது? ஒரு கல்லூரி, ஒரு மாணவர் குழு, ஒரு வேற்றுநாட்டு ஆய்வாளர் பெயரை அனுப்பட்டுமே, தீர்ப்பு உறுப்பினர்கள் கையிலேயே இருக்கட்டும். தனிநபர் ஓட்டு ரகசியமாக இருக்கலாம், ஒருவரை எதற்காக எதிர்த்தோம் என்ற காரணம் ஏன் ரகசியமாக இருக்கவேண்டும்? குறைந்தபட்சம் அந்த நபருக்காவது எழுத்தில் தரலாம். நீக்கும் விஷயத்தில், பல்கலைக்கழகமோ அரசு நிறுவனமோ விசாரித்து முடிவு வெளியிட்டுவிட்டால், புகார்க் காகிதத்துக்குக் காத்திருக்காமல் அகாடமி தானாகவே கையில் எடுக்கவேண்டும். செய்தித்தாள் படிக்க விதி எதுவும் தடையில்லையே!

நம்ம ஊர் நிலைமை என்ன என்று கேட்கலாம். இந்தியாவில் ஒன்றுக்கு மூன்று அகாடமிகள்: மேகநாத் சாகா முன்னின்று 1930-ல் அலகாபாத்தில், சி.வி.ராமன் 1934-ல் பெங்களூரில், 1935-ல் கல்கத்தாவில் தொடங்கி இன்று டெல்லியில் இருப்பது ஒன்று. ஒரே தேசிய அகாடமி யார் கையில் என்ற இழுபறியில்தான் இப்படிப் பிரிந்தது. பழைய உறுப்பினர்கள் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கேயும் அடிப்படை. டெல்லி அகாடமிக்கு முதல் பெண் தலைவராக சந்திரிமா சாகா வந்தது 2020-ல், 85 வருஷம் கழித்து. அமெரிக்கக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அவ்வளவாக உரிமை இல்லை.

அடுத்தமுறை 'அகாடமி உறுப்பினராகத் தேர்வு' என்று செய்தி வந்தால், தேர்வானவரை வாழ்த்துவோம். பெரும்பாலும் தகுதியானவராகத்தான் இருப்பார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளலாம். இந்தத் துறையில் பதக்கம் மட்டும் வாங்கிக்கொண்டு வாசலில் நிற்பவர் யார்? ஆனி கேனன் எண்ணிட்ட விண்மீன்கள் இன்றும் ஹெச்டி என்ற இரண்டெழுத்தோடுதான் ஆய்வுக் கட்டுரைகளில் வருகின்றன. அது டிரேப்பருடைய பெயரின் சுருக்கம்.